விடுதலை மண்டபத்தில் ஒரு ஜனாஸா

ஒரு மண்டபத்திற்கு ‘விடுதலை’ எனப் பெயர் சூட்டுவது எளிது. அப்பெயருக்கு அம்மண்டபம் உரியதாவது எளிதன்று. அதற்குக் காலம் வேண்டும். அக்காலத்திற்குள் சிலர் பெருவிலை கொடுத்திருக்கவும் வேண்டும். அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், ஒஹாயோ நதிக்கரையில் அமைந்த லூயிவில் என்னும் நடுத்தர நகரில் நிற்கும் ஒரு விளையாட்டு மண்டபம் இதற்குச் சான்று பகர்கிறது. ‘ஃபிரீடம் ஹால்’ என்பது அதன் பெயர். தமிழில் விடுதலை மண்டபம் எனலாம்.

கடல் கடந்த ஊரின் விளையாட்டு மண்டபம் நமக்கு எதற்கு என்று வாசகர்கள் எண்ணக் கூடும். ஹிஜ்ரி 1437-ஆம் ஆண்டு ரமலான் பிறை நான்கு, அதாவது 2016 ஜூன் 9 வியாழக்கிழமை நண்பகலில், அங்கே ஒரு ஜனாஸாத் தொழுகை நடைபெற்றது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் காஸியஸ் கிளே என்ற பெயருடன் அம்மண்டபத்திற்குள் நுழைந்த ஓர் இளைஞர், அன்று முஹம்மது அலீ என்ற பெயருடன் அங்கிருந்து விடைபெற்றார். இவ்விரு நாள்களுக்கும் இடையே நிகழ்ந்தவற்றை நம் பிள்ளைகள் அறிதல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

குதிரைகளுக்காக எழுந்த மண்டபம்

விடுதலை மண்டபம் 1956-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்டது. மாநில அரசின் கண்காட்சித் திடலில் அது அமைந்துள்ளது. கெண்டக்கி குதிரைகளுக்குப் பேர் போன மாநிலம். ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் கூடும் மாநிலக் கண்காட்சியின் சிறப்பே குதிரைக் காட்சிதான். ஆகவே மண்டபத்தை வரைந்தவர்கள் மனிதரின் ஆட்டத்தைக் காட்டிலும் குதிரையின் நடையையே கருத்திற்கொண்டு, அதன் நடுத்தளத்தை நீண்டதாகவும் அகன்றதாகவும் அமைத்தனர். அவ்வமைப்பே பின்னர் அதனைப் பல வகைக்கும் பயன்படும் மண்டபமாக்கிற்று. மரத்தூளைப் பரப்பினால் குதிரைக் களம். அதனை அகற்றிப் பலகைத் தளம் அடுக்கினால் கூடைப்பந்துக் களம். நடுவே மேடை கட்டிக் கயிறு இழுத்தால் குத்துச்சண்டைக் களம். 1984-ஆம் ஆண்டில் தளத்தையே தாழ்த்தி இருக்கைகளைக் கூட்டியபோது, சுமார் 19,000 பேர் அமரத்தக்கதாக அது விரிந்தது.

பெயர் வந்த வகை குறிப்பிடத் தக்கது. பள்ளி மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் போட்டி வைத்து, அதில் வென்ற கட்டுரை தந்த பெயரையே மண்டபத்திற்குச் சூட்டினர். எழுதிய பிள்ளையின் உள்ளத்தில் விடுதலை என்னும் சொல் தூய பொருளோடுதான் இருந்திருக்கும். ஆனால் அந்நகரில் அச்சொல்லின் நிலை என்ன?

1860-களின் உள்நாட்டுப் போருக்கு முன் கெண்டக்கி அடிமை முறையை ஏற்ற மாநிலம். ஒஹாயோ நதியின் அக்கரையில் இருக்கும் இண்டியானாவோ அடிமை முறை இல்லாத மாநிலம். லூயிவில் நகரின் படித்துறையில் நின்ற அடிமைக்கு விடுதலை கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்தது. இடையில் ஆறு ஓடியது. அடிமை முறை ஒழிந்து தொண்ணூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த ஆறு வேறு வடிவில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மண்டபம் திறக்கப்பட்ட அதே 1956-இல்தான் லூயிவில் நகரத்துப் பொதுப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒன்றாக அமர்த்தத் தொடங்கினர். உணவு விடுதிகளும் திரையரங்குகளும் அப்போதும் கறுப்பின மக்களுக்குக் கதவடைத்தே இருந்தன. அக்கதவுகளைத் திறக்கும் நகரச் சட்டம், இளைஞர்கள் பலர் மறியல் செய்து சிறை சென்ற பின், 1963-ஆம் ஆண்டில்தான் வந்தது.

சைக்கிள் இழந்த சிறுவன்

காஸியஸ் கிளே 1942 ஜனவரி 17-ஆம் நாள் இந்நகரில் பிறந்தார். தந்தையார் விளம்பரப் பலகைகள் தீட்டுபவர். மகனுக்கு இட்டது தந்தையின் பெயரே. அப்பெயரோ, தம்மிடமிருந்த அடிமைகளை விடுவித்து அடிமை முறைக்கு எதிராகப் போராடிய கெண்டக்கி வெள்ளையர் ஒருவருடையது. பன்னிரண்டாம் வயதில், 1954-இல், கிளேயின் புதிய சைக்கிள் களவு போயிற்று. அழுதுகொண்டே முறையிடச் சென்ற இடத்தில் ஜோ மார்ட்டின் என்னும் காவலர் இருந்தார். அவர் ஓய்வு நேரத்தில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை பயிற்றுபவர். திருடனை அடிக்கப் போவதாகச் சூளுரைத்த சிறுவனிடம், முதலில் அடிக்கக் கற்றுக்கொள் என்னும் கருத்தில் அவர் கூறினார். அங்கிருந்து தொடங்கியது அந்தப் பயணம்.

1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்று ஊர் திரும்பிய கிளே, அவ்வாண்டு அக்டோபர் 29 அன்று தம் முதல் தொழில்முறைப் போட்டியை விடுதலை மண்டபத்தில் ஆடினார். எதிர்த்து நின்றவர் டன்னி ஹன்சேக்கர். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு சிற்றூரின் காவல் துறைத் தலைவர். ஆறு சுற்றுகளின் முடிவில் நடுவர்கள் கிளேயை வெற்றியாளராக அறிவித்தனர். மறு ஆண்டு அதே மண்டபத்தில் மேலும் சில போட்டிகள் நிகழ்ந்தன. 1961 நவம்பர் 29 அன்று வில்லி பெஸ்மனாஃபை வென்றதே அவர் பிறந்த ஊரில் ஆடிய கடைசித் தொழில்முறைப் போட்டி.

ஈண்டு ஒரு செய்தியை ஆராய்ந்து சொல்லுதல் நம் கடமை. ஒலிம்பிக் பதக்கத்துடன் திரும்பியவருக்கு லூயிவில் உணவு விடுதியொன்று உணவு தர மறுத்தது என்றும், அந்த வேதனையில் அவர் பதக்கத்தை ஒஹாயோ நதியில் எறிந்துவிட்டார் என்றும் ஒரு கதை உலகெங்கும் வழங்குகிறது. நம் மேடைகளிலும் இதனைக் கேட்டிருக்கிறோம். ரிவாயத்துகளை எடை போடும் முறையில் இதனை நோக்கினால், இக்கதை 1975-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலின் வழி பரவியது என்பது புலனாகும். அவருக்கு நெருக்கமாக இருந்தவர்கள் பதக்கம் தொலைந்துபோயிற்று என்றே கூறினர். அலீயும் பிற்காலத்தில் அதனையே ஒப்புக்கொண்டார். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது அவருக்கு மாற்றுப் பதக்கம் வழங்கப்பட்டது. ஆற்றில் எறிந்த கதை உறுதியற்றது. ஆனால் அந்நகர உணவு விடுதிகள் கறுப்பின மக்களை வாயிலிலேயே நிறுத்தின என்பது மறுக்க இயலாத வரலாறு. உண்மையே போதுமான அளவு கசப்பாக இருக்கும்போது அதற்குக் கதையின் துணை எதற்கு?

அதே தளத்தில் வேறு கால்கள்

கிளே அங்கு ஆடாத நாள்களிலும் விடுதலை மண்டபத்தில் அந்நாட்டின் வரலாறு எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அமெரிக்கப் பல்கலைக் கழகங்களின் கூடைப்பந்து இறுதிச் சுற்று 1958 முதல் 1969 வரை ஆறு முறை அங்கே நடைபெற்றது. 1958-இல் வென்றது கெண்டக்கிப் பல்கலைக் கழகம். முற்றும் வெள்ளையரே ஆடிய அணி அது. ஐந்தே ஆண்டுகள் சென்றன. 1963 மார்ச்சில் சிகாகோ நகரின் லயோலா அணி, சின்சினாட்டி அணியைக் கூடுதல் நேரத்தில் 60-க்கு 58 என்ற புள்ளிகளில் வென்றது. லயோலாவின் தொடக்க வீரர் ஐவரில் நால்வர் கறுப்பினத்தவர், சின்சினாட்டியில் மூவர். பத்துப் பேரில் எழுவர்! நகரின் விடுதிகளில் அமர்ந்து உண்ணும் உரிமையைச் சட்டம் வழங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன், நகரின் மண்டபத்தில் இக்காட்சி நிகழ்ந்தது.

1967-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று அங்கே கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. அணி, டேட்டன் அணியை 79-க்கு 64 என வென்றது. அவ்வணியின் தூணாக நின்றவர் லூ அல்சிண்டர் என்னும் ஏழடி உயர இளைஞர். அதே மார்ச் மாதத்தின் இறுதியில் லூயிவில் நகரில் மற்றொரு சந்திப்பும் நிகழ்ந்தது. கறுப்பின மக்கள் விரும்பிய தெருவில் வீடு வாங்கவும் வாடகைக்குக் குடியிருக்கவும் உரிமை கோரிய போராட்டம் அங்கே சூடேறியிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் முஹம்மது அலீயும் அங்கே ஒன்றாகத் தோன்றினர். இரண்டு மாதங்கள் கழித்து, ஜூன் 4 அன்று கிளீவ்லாண்ட் நகரில் முன்னணி விளையாட்டு வீரர்கள் சிலர் கூடி அலீக்குத் துணை நின்றபோது, இருபது வயது அல்சிண்டரும் அவர்களுள் ஒருவராக அமர்ந்திருந்தார்.

அந்த இளைஞர் 1968-இல் கலிமா மொழிந்தார். 1969 மார்ச்சில் மீண்டும் விடுதலை மண்டபத்தில் பர்டியூ அணிக்கு எதிராக ஆடித் தம் பல்கலைக் கழகத்திற்கு வெற்றி தேடித் தந்தார். கூட்டம் அவரை அல்சிண்டர் என்றே அழைத்து ஆர்ப்பரித்தது. உள்ளத்தில் அவர் முன்னரே முஸ்லிம். 1971-இல் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரை உலகறிய ஏற்றார்.

ஊர் கைவிட்டது

1964 பிப்ரவரியில் மியாமி நகரில் சன்னி லிஸ்டனை வென்று உலக வீரரான கிளே, மறுநாளே தம் புதிய நம்பிக்கையை வெளியிட்டார். சில நாள்களில் முஹம்மது அலீ என்னும் பெயரை ஏற்றார். அவர் முதலில் சேர்ந்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தின் கொள்கைகள் சில நம் அகீதாவுக்கு மாறானவை என்பதை மறைப்பதற்கில்லை. 1975-இல் அவ்வியக்கத்தின் தலைவர் எலைஜா முஹம்மது மறைந்தபின், அவர் மகனார் வாரிஸுத்தீன் முஹம்மது மக்களை ஸுன்னத் வல் ஜமாஅத்தின் வழிக்குத் திருப்பினார். அலீயும் அவ்வழியே நடந்தார். 1972-இல் அவர் ஹஜ்ஜும் நிறைவேற்றியிருந்தார்.

வியட்நாம் போருக்கு அவர் இசையாதபோது முதலில் கை விட்டது பிறந்த மண்தான். 1966-ஆம் ஆண்டு கெண்டக்கி மாநில மேலவை, அவருடைய போக்கு மாநிலத்து மக்களுக்கு இழுக்கு என்னும் பொருள்பட ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் நகரில் படையில் சேர மறுத்து நின்றார். பட்டம் பறிபோயிற்று, ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் பத்தாயிரம் டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டின் காரணமாகச் சிறை செல்லவில்லை. ஆயினும் உடல் வலிமையின் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் களமின்றிக் கழிந்தன. 1971 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அத்தண்டனையை நீக்கினர்.

பின்னர் ஊர் மெல்ல மனம் மாறியது. 1978-இல் நகரத் தெரு ஒன்றுக்கு, கடும் எதிர்ப்புக்கிடையே, அவர் பெயர் இடப்பட்டது. 1980-இல் அவர் நம் சென்னைக்கும் வந்தார். நேரு விளையாட்டரங்கில் அவரோடு காட்சிப் போட்டி ஆடிய ஜிம்மி எல்லிஸும் லூயிவில் நகரத்தவரே. அந்நாளில் அவரைக் கண்ட நம் பெரியவர்கள் அதனைச் சொல்லிச் சொல்லி மகிழக் கேட்டிருக்கிறோம். 2005-இல் லூயிவில் ஆற்றங்கரையில் அவர் பெயரால் ஒரு நினைவு மையம் எழுந்தது. 2019-இல் நகரின் விமான நிலையமும் அவர் பெயரைத் தாங்கிற்று.

நாம் மறைக்கக் கூடாதது

புகழ்ந்து சொல்லும்போது ஒன்றை விழுங்கிவிடுதல் வரலாற்றாசிரியனுக்கு அழகன்று. விளையாட்டை இஸ்லாம் வெறுக்கவில்லை. அபிசீனியர்கள் பள்ளிவாசலிலேயே ஈட்டி விளையாடியதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. ஆயினும் முகத்தில் அடிப்பதை அவர்கள் விலக்கியுள்ளார்கள். எதிரியின் தலையையும் முகத்தையும் தாக்கி வீழ்த்துவதே நோக்கமாகக் கொண்ட குத்துச்சண்டை இன்றைய வடிவில் கூடாது என்று மக்காவின் ஃபிக்ஹ் மன்றம் 1987-இல் முடிவு கூறிற்று.

விடுதலை மண்டபத்தில் 1960-இல் எதிரெதிரே நின்ற இருவரின் பிற்கால வாழ்வும் அம்முடிவுக்கு அரண் செய்கிறது. ஹன்சேக்கர் 1962-இல் ஒரு போட்டியில் மூளையில் காயமுற்றுப் பல நாள்கள் நினைவிழந்து கிடந்தார், மீண்டும் களமேறவில்லை. அலீக்கு 1984-இல் பார்க்கின்சன் நோய் கண்டறியப்பட்டது. உலகையே பேச்சால் மயக்கிய நா மெல்ல மெல்ல அடங்கியது. ஆகவே நம் இளைஞர்கள் அலீயிடம் கற்க வேண்டியது அவருடைய குத்தை அன்று. தண்டனை வரும் என்று அறிந்தும் மறுத்து நின்ற அந்த நிலையையே கற்க வேண்டும்.

நான்கு தக்பீர்கள்

2016 ஜூன் 3 அன்று, 74-ஆம் வயதில், அரிசோனா மாநிலத்தில் அலீ இறையடி சேர்ந்தார். இறுதி நிகழ்ச்சிகளை அவரே பல ஆண்டுகளுக்கு முன் அறிஞர்களுடன் கலந்து வகுத்திருந்தார். ஜனாஸாத் தொழுகை பிறந்த ஊரில் நடைபெற வேண்டும். முஸ்லிமல்லாதாரும் வந்து காண வேண்டும் என்பது விருப்பம். முஸ்லிம்களை நாட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்னும் குரல், அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னர்தான் அங்கே உரக்க எழுந்திருந்தது என்பதையும் நினைவிற்கொள்க.

நகரில் அப்போது புதிய மண்டபமும் இருந்தது. ஆற்றங்கரையில் 2010-இல் பேரரங்கு ஒன்று திறக்கப்பட்டு, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விடுதலை மண்டபத்தில் ஆடி வந்த பல்கலைக் கழகக் கூடைப்பந்து அணி அங்கே குடிபெயர்ந்துவிட்டது. ஜூன் 10 அன்று பெருந்தலைவர்கள் உரையாற்றிய நினைவுக் கூட்டம் அப்புதிய அரங்கில்தான் நடந்தது. ஆனால் ஜனாஸாவுக்குக் குறிக்கப்பட்ட இடம் பழைய விடுதலை மண்டபமே. 14,000-க்கும் மேற்பட்ட அனுமதிச் சீட்டுகள் விலையின்றி வழங்கப்பட்டன.

ரமலான் மாதம், நோன்பாளிகள் நிறைந்த ஸஃப்புகள். இமாம் ஸைது ஷாகிர் முன் நின்று தொழுவித்தார். துருக்கி நாட்டின் அதிபரும், பெயரறியாத தொழிலாளியும் அங்கே கூடினர்.

விளையாட்டு மண்டபத்தின் வரிசைக்கும் தொழுகையின் வரிசைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். அங்கே பணத்திற்கேற்ற இருக்கை. முன் வரிசைக்கு ஒரு விலை, பின் வரிசைக்கு ஒரு விலை. ஒரு காலத்தில் நிறமும் அவ்விலையில் சேர்ந்திருந்தது. இங்கே முன்னே வந்தவர் முன்னே நிற்பார். தோளோடு தோள் சேரும். ஜனாஸாத் தொழுகையில் ருகூவும் இல்லை, ஸுஜூதும் இல்லை. நின்ற நிலையில் நான்கு தக்பீர்கள், இறுதியில் ஸலாம். குதிரைக்காகக் கட்டிய தளமாயினும் அது நிறைவேற எத்தடையும் இல்லை. தூய்மையான நிலமெல்லாம் தொழுமிடம் என்பது இந்த உம்மத்துக்குக் கிடைத்த தனிப் பேறு.

அபிசீனியாவின் நஜ்ஜாஷி மன்னர் மறைந்தபோது, அண்ணலார் (ஸல்) தம் தோழர்களைத் தொழுகைத் திடலுக்கு அழைத்துச் சென்று, அணிவகுத்து நிற்கச் செய்து, நான்கு தக்பீர்கள் மொழிந்து தொழுவித்தார்கள். அடைக்கலம் தேடி வந்த முஸ்லிம்களுக்குக் கதவு திறந்த ஆப்பிரிக்க மன்னர் அவர். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல் ஒருவருக்காக, அடிமைச் சந்தை இருந்த ஊரில், அதே நான்கு தக்பீர்கள் முழங்கின. மறுநாள் வெள்ளிக்கிழமை, கேவ் ஹில் அடக்கத்தலத்தில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார்.

இன்றும் ஆகஸ்ட் வந்தால் விடுதலை மண்டபத்தில் மரத்தூள் பரப்பிக் குதிரைகளை நடத்துகிறார்கள். கட்டடம் அதே கட்டடம்தான். 1950-களில் ஒரு பள்ளிப் பிள்ளையின் கட்டுரை அதற்கு விடுதலை எனப் பெயர் தந்தது. அப்பெயரை மெய்யாக்க மறியலில் நின்றவர்களும், படைக்குச் செல்ல மறுத்து நின்றவரும், இறுதியில் ஸஃப்பில் நின்றவர்களும் தேவைப்பட்டார்கள்.

நம் ஊர்களிலும் பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. சமத்துவம், ஒற்றுமை, சகோதரத்துவம் என்று எத்தனையோ மன்றங்களும் மண்டபங்களும் எழுப்பியிருக்கிறோம். அவற்றின் வாயிலில் யாரையேனும் நிறுத்தி வைத்திருக்கிறோமா என்று ஒவ்வொரு மஹல்லாவும் தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். வல்ல அல்லாஹ் மர்ஹூம் முஹம்மது அலீ அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளிமயமாக்குவானாக! நம் மண்டபங்களையும் அவற்றின் பெயருக்குத் தகுதியுடையனவாக ஆக்குவானாக! ஆமீன்.